புகைக்கு ஐந்தொகை

திங்கள்கிழமை காலை ஹாம்பர்க்கிலிருந்து
ஒரு எக்செல் வந்து இறங்கியது.
இருபத்தேழு தாள்.
மஞ்சள் கட்டங்களை மட்டும் நிரப்பவும்.
எங்கள் போல்ட் ஒரு டன்னுக்கு
எவ்வளவு புகை?

சிறுவயல் சாலையில் நின்று பார்த்தால்
எங்கள் பட்டறையில் புகையே தெரியாது.
தகரக் கூரை, வேலிக்கருவை,
முகப்பில் எலுமிச்சை கட்டிய டெம்போ.
கம்பி சிவந்து தலை நசுங்கும் சத்தம் மட்டும்
காரைக்குடி பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்குக் கேட்கும்.
கரண்ட் எரிகிற இடம் வேறு யாரோ ஊர்;
அந்த வானத்தையும்
நம் பற்றில் எழுதச் சொல்கிறார்கள்.

உலைக்கு ஊற்றும் டீசல் என் கணக்கு.
லிட்டர் எண்ணூற்று நாற்பது கிராம்.
எரிந்தால் புகை இரண்டு கிலோ அறுநூற்று எண்பது.
தப்பென்று நினைத்து இரண்டு தடவை அழித்தேன்.
பிறகுதான் பிடிபட்டது:
மீதியைக் காற்று போடுகிறது.
முதலைப்போல் இரு மடங்குக்கு மேல் வட்டி.
இந்த ஊரில் அதை
யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கம்பி தரும் மில்லுக்கு ஐந்து மெயில்.
ஆறாவதற்கு ஒரு வரி பதில்: தொழில் ரகசியம்.
ரகசியம் என்றால் அவர்களே ஒரு எண் வைப்பார்கள்.
பெயர் இயல்பு மதிப்பு.
இயல்பு என்றால், இருப்பதிலேயே
மோசமானவனின் புகையை
நம் தலையில் கட்டுவது.
வரி கட்டுவது வாங்குகிறவன்,
விலையில் பிடிப்பது நம்மிடம்.
ஒரு போல்ட்டுக்கு நிற்கும் நாற்பது பைசாவில்
முப்பத்தொன்று போய்விடும்.

உமையாள் ஆச்சி தாள்களைப் புரட்டினார்.
இந்த நிறுவனத்தை அவர்தான் நடத்துகிறார்;
அலுவலகம் அவர் வீட்டின் இரண்டாம் கட்டு.
"சிட்டை தெரியும், பேரேடு தெரியும்.
கையில பிடிக்க முடியாததுக்கு ஐந்தொகையா?"
பக்கத்தில் இரும்புத் தூண்.
அடியில் ஏதோ ஓர் ஆங்கிலேய வார்ப்படக் கம்பெனியின் பெயர்,
பெயின்ட்டுக்குள் பாதி மூழ்கி.
பேனாவால் அதைத் தட்டினார். டங்.
"இது கப்பல்ல வந்தப்ப எவனாச்சும் கேட்டானா?"
நான் பதில் சொல்லவில்லை.
எக்செல்லில் அதற்குக் கட்டமில்லை.

ஆகஸ்ட் பதினொன்று இரவு
கரண்ட் போய், பாதி வெந்த லோடு முழுக்க ஆறி,
திரும்பச் சூடேற்றியது பதிவேட்டில் இல்லை.
உலைக்கூடச் சுவரில் இருந்தது.
சூசைமாணிக்கம் சாக்பீஸால்
லிட்டருக்கொரு கோடு கிழித்திருந்தார்.
எட்டுக் கட்டு, ஐந்தைந்தாய்.
ஓரத்தில் ஒரு தனிக் கோடு.

ஏற்றுமதி பார்க்கும் வயிரவன் சொன்னான்:
"பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்கணும்.
இந்த வாரமே அடிச்சிருவோம்."
ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள்
காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.
சூசை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.
"எழுதுங்க மேடம். எரிச்சது எரிச்சதுதான்.
நான் ராத்திரி பூரா நின்னுருக்கேன்."

நாற்பத்தொரு லிட்டர்.
நூற்று ஒன்பது கிலோ எண்ணூற்று எண்பது கிராம்.
சூசையும் நானும் எடைமேடையில் சேர்ந்து ஏறினால்
ஏறக்குறைய அவ்வளவு இருப்போம்.
அறுபது டன்னுக்குப் பிரித்ததும்
மூன்றாம் தசமத்தில் இரண்டு கூடியது.
ஆச்சி பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.
பேனாவை மூடும்போது மட்டும்
கொஞ்சம் பலமாக மூடினார்.

வியாழக்கிழமை ஹைக்கே அம்மாளின் பதில்.
நாற்பத்தொரு லிட்டருக்கு ஆதாரம்?
சுவரைப் படமெடுத்து அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமை இன்னொன்று:
இணைப்பு மூன்று எந்த மொழியில் உள்ளது?
சான்றளித்த மொழிபெயர்ப்பு தேவை.

எட்டுக் கட்டு, ஒரு கோடு.
மஞ்சள் கட்டத்தில் என்ன எழுதுவதென்று
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
நேற்றிரவும் கரண்ட் போனது.
சூசை எதிர்ச் சுவரில்
தொடங்கிவிட்டார்.